சீரும் பங்கும்



நம் அணைக்கட்டுப் பக்கம் பூர்வீக நிலத்தை விற்கப் போனால், “அக்கா தங்கைகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு மட்டும் ஆண்பிள்ளைகளுக்கே இருந்தது. 25.3.1989 முதல் தமிழ்நாடு அதையும் மகளுக்குக் கொடுத்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. 9.9.2005 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 11.8.2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் மாறிவிட்டது, வழக்கம் மெதுவாகத்தான் மாறுகிறது. “அதான் சீர் செய்தாச்சே” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இன்றும் உண்டு. கணக்கு எழுதிய பழக்கத்தில் சொல்கிறேன்: சீர் என்பது செலவு, பங்கு என்பது உரிமை. ஒன்றில் மற்றொன்றைக் கழிக்க முடியாது.

தங்கையிடம் கையெழுத்துக் கேட்கும் முன், அவர் பங்கின் இன்றைய மதிப்பைச் சொல்லிவிடுங்கள். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பத்திரமும் நிற்கும், பாசமும் நிற்கும்.