கால் எழுதும் கணக்கு

தோட்டத்திலே ஒரு நிரை மரத்தை வெட்டி முடிக்க எத்தனை அடி நடக்கிறோம் என்று நம்மில் யாராவது எண்ணியதுண்டா? மரத்தை எண்ணுகிறோம். பாலை நிறுத்துக் கணக்கெழுதுகிறோம். நடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கால் நன்றாக இருக்கும்வரை அதன் நினைவே நமக்கு வருவதில்லை அல்லவா? ஒரு நோயின் பொருட்டு அந்த நடையைக் கணக்கெடுக்க மருத்துவர்கள் பட்ட பாட்டை இன்று பார்ப்போம்.

அந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். மின்கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள அந்த உறையை அரித்துவிடுகிறது. அரித்த இடம் தழும்பேறி இறுகிவிடும். பிறகு மூளை இடும் கட்டளை காலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது அதிகம். நம் பக்கத்தில் அபூர்வம். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது.

இந்த நோய் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் நடந்தவர் மத்தியானம் காலை இழுப்பார். ஒரு மாதம் படுத்தவர் மறுமாதம் எழுந்து நடமாடுவார். "நேற்று நன்றாகத்தானே நடந்தாய்?" என்று வீட்டிலுள்ளவர்களே கேட்பார்கள். சோம்பல் என்றும் பேசுவார்கள். நோயாளியின் சொல்லுக்குச் சாட்சி இல்லாமல் போவதுதான் இதிலே பெரிய வேதனை.

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே என்பவர். 1822-ல், 28 வயதில், அவருக்குப் பார்வை மங்கியது, பிறகு திரும்பியது. சில ஆண்டுகள் கழித்துக் கால்கள் மரத்துத் தளர்ந்தன. ஒவ்வொன்றையும் 1846 வரை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1848-ல் இறந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1948-ல், அந்தக் குறிப்பு நூலாக வந்தது. படித்தவர்கள் அது எம்.எஸ். நோயின் கதை என்று கண்டுகொண்டார்கள். அரச குடும்பத்துப் பிள்ளைக்கே தம் நோயின் பெயர் தெரியாமல் போயிற்று!

நோயைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ, ஆண்டு 1868. அவர் வேலை பார்த்த இடம் சால்பேத்ரியேர் மருத்துவமனை. ஒரு காலத்தில் அங்கே வெடிமருந்து செய்தார்கள். பிறகு ஏழைப் பெண்களை அடைத்துவைத்தார்கள். கடைசியில்தான் மருத்துவமனை ஆயிற்று. அங்கே ஷார்க்கோவின் மாணவரான ஜில் த லா துரேத், 1886-ல் நடையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்த வேலை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருளைத் தரையில் விரித்தார். நோயாளிகளின் உள்ளங்காலில் இரும்புத் துருவின் சிவப்புப் பொடியைத் தடவி, அதன்மேல் நடக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்தால் லயத்துச் சிமெண்டுத் தரையில் ஈரக்கால் பதியுமே, அதுபோல அடிகள் பதிந்தன. கால் எங்கே இழுத்தது, எங்கே பக்கம் சாய்ந்தது, எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து அளக்க முடிந்தது.

இதற்கும் முன்னரே பிரான்சில் மாரே என்னும் அறிஞர் ஒரு சப்பாத்து செய்திருந்தார். அதன் அடிப்பாகம் தடித்த ரப்பர். உள்ளே காற்றறை. கால் தரையில் ஊன்றும்போது காற்று அழுந்திக் குழாய் வழியே போய், நடப்பவர் கையில் பிடித்திருக்கும் சுழல் உருளையில் கோடு கிழிக்கும். இதை அவர் 1873-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டம் கிடையாது. பிரேசில் நாட்டு விதைகள் 1876-ல் லண்டன் போய், 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகுதான் நம் தாத்தா பாட்டிமாரின் கதை தொடங்குகிறது.

இத்தனை இருந்தும், பிற்கால மருத்துவமனைகளில் நடையைக் கண்ணால்தான் பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவர் கர்ட்ஸ்கி 1955-ல் ஓர் அளவுமுறை வகுத்து, 1983-ல் அதை விரிவாக்கினார். பூஜ்யம் முதல் 10 வரை எண்கள். துணையின்றி 500 மீட்டர் நடந்தால் 4. ஒரு கோலூன்றி 100 மீட்டர் என்றால் 6. இரு பக்கமும் ஊன்றி 20 மீட்டர் என்றால் ஆறரை. நல்ல முறைதான், இன்றும் பயன்படுகிறது. ஆனால் மருத்துவர் பார்ப்பது அன்றைய சில நிமிடம் மட்டுமே. டாக்டரிடம் போகும் நாளில் யார்தான் பலத்தைத் திரட்டி நிமிர்ந்து நடக்கமாட்டார்கள்? வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு தடுமாறியதை அவர் எப்படி அறிவார்?

இந்தக் குறையைப் போக்க வந்தது உடலில் அணியும் கருவி. அடி எண்ணும் கருவி ஒன்று 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, இடுப்பில் மாட்டுவது. 1990-களில் மோட்டார் வண்டிகளின் காற்றுப் பைகளுக்காக மிகச் சிறிய அசைவுமானிகள் வந்தன. லாரியில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போது டிரைவர் பிரேக்கை அழுத்தினால் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அந்தச் சில்லுக்குள்ளும் ஒரு நுண்ணிய எடை அப்படியே சாய்கிறது. அது மின்குறியாக மாறுகிறது. கைக்கடிகாரத்தில் அடிகளை எண்ணுவது இதுதான்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள், எம்.எஸ். நோயாளிகள் 95 பேரின் கையில் இத்தகைய கருவியைக் கட்டி ஓராண்டு கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே குறைவாக நடந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மருத்துவமனைச் சோதனையில் மாற்றம் தெரியாத சிலருக்கும் அன்றாட அடிகள் குறைந்திருந்தன. அவர்கள் "முன்போல் முடியவில்லை" என்று சொல்லியிருந்தால், அது வெறும் பேச்சில்லை என்று கருவியே சாட்சி சொல்லியிருக்கும்.

கருவி நோயைக் குணப்படுத்தாது. அது பிழையும் செய்யும். கோலைப் பிடித்த கை வீசாது. மெதுவாக நடந்தால் அதிர்வும் குறைவு. ஆகவே மணிக்கட்டில் கட்டியது பல அடிகளைத் தவறவிடும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் கருவியைக் கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டிப் பார்க்கிறார்கள். சிலர் அழுத்தத்தை அறியும் மெல்லிய அட்டையைச் சப்பாத்துக்குள்ளேயே வைக்கிறார்கள், மாரே அன்று காற்றறையை வைத்த அதே இடத்தில்.