தந்திச் சட்டமும் தோட்டத்து மின் கோபுரமும்

தோட்டத்துல மின் கோபுரம் நட வர்றப்ப, "எங்களை ஒரு வார்த்தை கேட்கலையே" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்தக் கதை 1885-இல் தொடங்குகிறது.

அந்த வருஷம் வெள்ளைக்காரன் தந்திச் சட்டம் போட்டான். யார் நிலத்திலும் கம்பம் நடலாம். நிலம் உடையவர் பேரிலேயே இருக்கும். சேதத்துக்கு முழு நஷ்டஈடு தரணும். தடுத்தால் ஜில்லா மாஜிஸ்திரேட் உத்தரவு, தொகையில் தகராறு என்றால் ஜில்லா கோர்ட்டு. அன்று நட்டது ஒல்லியான கம்பம்தான்! அதே அதிகாரத்தை மின்பாதைக்கும் கொடுக்க 1910 மின்சாரச் சட்டம் வழி செய்தது. 2003 சட்டத்தின் 164-ஆவது பிரிவு அதைத் தொடர்ந்தது. வேலை சீக்கிரம் நடந்தது. கலந்து பேசுவதுதான் விட்டுப்போச்சு.

பெரிய அனல் மின் நிலையம் என்றால் 1997-இலிருந்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. அங்கிருந்து கிளம்புகிற கம்பிக்கு அது கிடையாது. 2018 டிசம்பரில் கொங்குச் சீமை விவசாயிகள் உயர் மின் கோபுரங்களை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

தந்தி 2013-இல் நின்னுபோச்சு. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்க வகை செய்தது. மின்பாதைக்கு உதவும் பகுதியை மட்டும் தொடர விட்டிருக்கிறது.