ஜொகூர் பாரு: செல்வமும் குடியிருப்பும்

சிங்கப்பூருக்கு எதிரே, நீரிணையின் வடகரையில், தஞ்சோங் புத்ரி என்னும் மீனவர் குடியிருப்பு இருந்தது. 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் டாயெங் இப்ராஹிமின் கைக்கு வந்தபின், அதுவே தலைநகராக வளர்ந்தது. அவர் மகன் அபு பக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். ‘பாரு’ என்பதற்கு மலாயில் ‘புதிய’ என்பது பொருள். ‘ஜொகூர்’ என்பதோ, மணி என்று பொருள்படும் ‘ஜவ்ஹர்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். பெயருக்கேற்பச் சிற்றூர் செல்வம் பெற்றது. ஆனால் அச்செல்வம் நகருக்குள் விளைந்ததன்று.

அது விளைந்தது ஆற்றங்கரைக் காடுகளில். காம்பியர் என்னும் செடியின் இலையைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சி, கட்டியாக்கி, தோல் பதனிடவும் சாயமேற்றவும் மேனாடுகளுக்கு அனுப்பினர். வெற்றிலையோடு நம்மவர் மெல்லும் காசுக்கட்டியின் இனத்தது அது. காய்ச்சி எஞ்சிய இலை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. விறகுக்குக் காடு அழிந்தது. ஆட்சியாளரிடம் ஆற்றுரிமைச் சீட்டுப் பெற்ற சீனத் தலைவன் ‘கங்சு’ எனப்பட்டான். அவனது குடியேற்றம் ‘கங்கார்’. கங்கார் பூலாய் என்னும் ஊர்ப்பெயரும், சிங்கப்பூரின் லிம் சூ காங்கும் அவ்வேற்பாட்டின் சுவடுகளே. ஊர்ப்பெயரை விடச் சிறந்த சாசனம் ஏது?

கூலி கொடுக்கப்பட்டது, ஆயினும் அது தொழிலாளியிடம் தங்கவில்லை. அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஆகவே காட்டில் ஈட்டிய காசு, அபினிப் புகையாகி அரசின் கருவூலத்தை அடைந்தது.

நகரின் கட்டடங்கள் இக்கணக்கைக் காட்டும். 1866இல் முடிந்த பெரிய அரண்மனையைக் கட்டியவர் வோங் ஆ ஃபூக். ஏழைத் தச்சராக வந்து ஒப்பந்தக்காரராய், சூதாட்டக் குத்தகையாளராய் உயர்ந்த அவர் பெயரை நகரின் முதன்மைத் தெரு இன்றும் தாங்குகிறது. சீன வணிகர் கீழே கடையும் மேலே குடும்பமுமாக ஐந்தடிப் பாதையுடைய கடைவீடுகளில் வாழ்ந்தனர். மலாய்க் கம்பங்களில் தூண்மேல் நின்ற அத்தாப்புக் கூரை வீடுகள். காம்பியர்க் கூலிக்கோ காட்டுக் கொட்டகை.

இருபதாம் நூற்றாண்டில் காம்பியரின் இடத்தை ரப்பர் பற்றியது. 1917இல் கங்சு முறை ஒழிந்தது. 1909இல் இரயில் பாதை வந்தது. 1924இல் சிங்கப்பூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. நகரில் 1911இல் இராஜமாரியம்மன் கோயில் அமைந்தது. எனினும் தமிழருள் பெரும்பாலார் நகருக்கு வெளியே தோட்டங்களில் இருந்தனர். அவர்களின் லயம், ஒரே நீண்ட கூரையின் கீழ் அறைகளின் வரிசை. முன்னே சிறு திண்ணை. வாடகை இல்லை என்பது உண்மையே. ஆனால் வேலை போனால் வீடும் போம். முப்பதாண்டு பால்வெட்டியவனுக்கும் ஒரு சுவர்கூடச் சொந்தமாகவில்லை. சீனக் கூலிக்கு அபினி செய்ததைத் தமிழனுக்கு லயம் செய்தது என்றால் மிகையாகாது: சேமித்து ஊன்ற இடந்தரவில்லை.

1994 சனவரி 1இல் ஜொகூர் பாரு மாநகரத் தகுதி பெற்றது. நகர் பரவியபோது சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. மவுண்ட் ஆஸ்டின் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் பெயர் இன்று ஒரு ‘தாமான்’ குடியிருப்பின் பெயர். இன்றைய செல்வத்திலும் ஒரு பகுதி வெளியிலிருந்தே வருகிறது: விடியுமுன் பாலங்கடந்து சிங்கப்பூரில் உழைத்து, இரவில் திரும்புவோர் கொணரும் வெள்ளி அது. அவர்களுள் தோட்டத்துப் பிள்ளைகளும் உளர். பாட்டன் பால்வெட்டிய மண்ணில் எழுந்த வீட்டுக்கு, பேரன் அவ்வெள்ளியைக் கொண்டு மாதத் தவணை கட்டுகிறான்.