கறுப்பு உடுத்த இசை

மும்பை மாநகரில் வாழும் தமிழ் நேயர்கள் சத்ரபதி சிவாஜி மகாராஜ் இரயில் நிலையத்தை நாள்தோறும் கண்டு பழகியிருப்பார்கள். கூர்மாடங்களும் கல்லில் செதுக்கிய விலங்குருவங்களும் கொண்டு 1888-இல் கட்டி முடிக்கப்பெற்ற அக்கட்டடம் 'கோதிக்' பாணியைச் சார்ந்தது என்பர். கோத்தர் என்போர் யார்? கி.பி. 410-இல் ரோமாபுரியைச் சூறையாடிய செர்மானிய இனத்தார். அவர்களுக்கும் இந்தக் கூர்மாடங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த இத்தாலிய அறிஞர் சிலர், தமக்குப் பிடிக்காத இடைக்காலக் கட்டடங்களை இகழ்வதற்காக அப்பெயரை அவற்றின்மீது சுமத்தினர். வசைச்சொல் நாளடைவில் வழக்குச்சொல் ஆயிற்று. 1764-இல் ஹோரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் கோட்டையொன்றில் நிகழும் திகில் கதையை எழுதினார். மறுபதிப்பில் அதனைக் 'கோதிக் கதை' என்றே குறித்தார். அன்று முதல் இருளும் அச்சமும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டன.

அதே சொல், நம் காலத்தில், கறுப்பு உடையும் வெள்ளைப் பூச்சு முகமுமாய்த் திரிந்த ஓர் இளைஞர் கூட்டத்தின்மீது மறுபடியும் வந்து அமர்ந்தது. ஆனால் அவர்களுள் ஒரு சாராருக்கு ஏற்கெனவே சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. 'டெத்ராக்' என்பது அப்பெயர். சாவைப் பாடும் ராக் இசை என்று பொருள் கொள்ளலாம். அவ்விசையின் வரலாற்றையும், அப்பெயர் மங்கிய கதையையுமே இங்குக் கூற முற்படுகிறோம்.

அச்சொல்லும் முற்றிலும் புதியதன்று. காதலரில் ஒருவர் விபத்தில் மாண்டதைக் கூறி உருக வைக்கும் பாடல்கள் 1960-ஐ ஒட்டி அமெரிக்க வானொலிகளில் மிகுதியாக ஒலித்தன. 'டீன் ஏஞ்சல்' அவற்றுள் ஒன்று. அவற்றையும் சிலர் அப்பெயரால் அழைத்ததுண்டு. அவை கண்ணீர்ப் பாடல்கள். நாம் பேசவந்த இசையோ பங்க் என்னும் முரட்டுத் தாயின் வயிற்றில் பிறந்தது.

பங்க் இசை 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்தது. நெடுநாள் பயிற்சி வேண்டா, பெருமுதல் வேண்டா. மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் மேடை ஏறலாம் என்பதே அதன் கொள்கை. 1977 ஆகஸ்டில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பிரெண்டன் முல்லன் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் 'மாஸ்க்' என்னும் அரங்கைத் திறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பங்க் அங்கே வேரூன்றியது. 1980-ஐ அடுத்துக் கடற்கரைப் புறநகர் இளைஞர் அதன் வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் மேலும் கூட்டினர். அதே வேளையில் வேறு சிலர் வேகத்தைத் தணித்து, ஒப்பனையும் நாடகமும் சேர்த்து, அதனை இருளின் பக்கம் திருப்பினர்.

பொமோனா என்பது லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள ஊர். கண் கூசும் வெயில் காயும் அந்த ஊரில்தான், 1979-இல், 'கிறிஸ்டியன் டெத்' என்னும் குழுவை ராஸ் வில்லியம்ஸ் தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை, அல்லது நிரம்பும் தறுவாய். சமயப்பற்று மிக்க பாப்திஸ்து குடும்பத்தில் வளர்ந்தவர். சிலுவை, பாவம், நரகம் என்று சிறுவயதில் காதில் விழுந்த சொற்களையே எடுத்து, அவற்றின் மறுபுறத்தைப் புரட்டிப் பாடினார். 1982-இல் 'ஒன்லி தியேட்டர் ஆஃப் பெயின்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் கிதார் வாசித்த ரிக் ஆக்னியூ, முன்னர் 'அடோலசென்ட்ஸ்' என்னும் அதிவேகப் பங்க் குழுவில் வாசித்தவர். '45 கிரேவ்' என்பது மற்றொரு குழு. பாடியவர் டைனா கேன்சர். அக்குழுவின் டிரம் கலைஞர் டான் போல்ஸ், 'ஜெர்ம்ஸ்' என்னும் முதற்காலப் பங்க் குழுவிலிருந்து வந்தவர். டெத்ராக் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சரக்கு என்று கூறுவோர் இந்த ஆள் வரிசையை ஒருமுறை பார்ப்பது நலம்.

வெயில் நகரத்துக்கு இந்த இருள் எங்கிருந்து வந்தது? விடை ஹாலிவுட்டிலேயே இருந்தது. மாய்லா நுர்மி என்னும் நடிகை 1954-இல் 'வாம்பைரா' என்ற வேடத்தில், கறுப்பு அங்கியும் நீண்ட நகங்களுமாக, அந்நகரத் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களை அறிமுகம் செய்துவைத்தார். 1931-இல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி 1956-இல் லாஸ் ஏஞ்சலஸில்தான் மறைந்தார். டிராகுலாவின் மேலங்கியோடே அடக்கம் செய்யப்பெற்றார். லுகோஸ் என்பது அவர் பிறந்த ஊர். ஊரை விட்டு வந்தவர் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டார். இப்பழக்கம் நம்மவர்க்கு அயலானதன்று.

இனி இங்கிலாந்து. செருப்புத் தொழிலுக்குப் பேர்போன நார்த்தாம்ப்டன் நகரில் 1978-இல் தோன்றிய 'பௌஹவுஸ்' என்னும் குழு, மறு ஆண்டு சனவரியில் ஒரு பாடலைப் பதிவு செய்தது. அதன் தலைப்பு, பேலா லுகோசி இறந்துவிட்டார் என்பதே! அமெரிக்க இளைஞர் அடக்கத்தலம் தேடிக் கண்ட அதே மனிதரை, கடலுக்கு அப்பாலிருந்த இளைஞர் தாமாகவே கண்டெடுத்தனர். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் அப்பாடலில், ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் கழிந்த பின்னரே குரல் ஒலிக்கிறது. அதுவரை ஓயாத தாளமும், படிப்படியாய் இறங்கும் பேஸ் கிதாரும், எதிரொலித்து எதிரொலித்துத் தேயும் ஓசைகளுமே கேட்கின்றன. அவ்வெதிரொலி உத்தி, ஜமைக்காவிலிருந்து வந்த 'டப்' இசையின் கொடை. பாழ்மாளிகையின் இசை என்று உலகம் நம்பிய ஒன்றில் வெப்பநாட்டுக் குடியேறிகளின் பங்கு இருப்பதை எண்ண, நமக்குச் சற்று மகிழ்ச்சியே உண்டாகிறது.

1982 சூலையில் லண்டன் சோஹோ பகுதியில் 'பேட்கேவ்' என்னும் இரவு விடுதி தொடங்கியது. 'சூசி அண்டு தி பான்ஷீஸ்' போன்ற மூத்த பங்க் குழுவினரும், 'ஸ்பெசிமன்' போன்ற புதியவரும் ஒரே வகையினராகக் காணப்பட்டனர். ஆங்கில இசை ஏடுகள் அவர்களைக் 'கோத்' என்றன. சூசியும், லீட்ஸ் நகரத்துச் 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சும் அப்பெயரை ஏற்க மறுத்தனர். மறுத்தென்ன? நெல்லையிலிருந்து வந்தவரும் கோழிக்கோட்டிலிருந்து வந்தவரும் விஜயவாடாவிலிருந்து வந்தவரும் வடக்கே 'மதராசி' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நாட்களை நம் மூத்த நேயர்கள் அறிவார்கள். ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை.

அமெரிக்கக் குழுவினர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது இரு கிளைகளும் கலந்தன. 'கிறிஸ்டியன் டெத்' 1984-இல் தன் அடுத்த இசைத்தட்டைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் வாயிலாக வெளியிட்டது. மறு ஆண்டு ராஸ் வில்லியம்ஸ் விலகினார். எஞ்சியோர் வேலர் காண்ட் தலைமையில் அதே பெயரில் தொடர்ந்தனர். பின்னர் ராஸும் அப்பெயரோடு மேடை ஏறவே, ஒரே பெயருக்கு இரு குழுக்கள் உரிமை கொண்டாடும் நிலை ஏற்பட்டது. அவர் 1998 ஏப்ரல் முதல் நாளன்று, 34-ஆம் வயதில் மறைந்தார். இதற்குள் டெத்ராக் என்ற சொல் பெரும்பாலும் கோத் என்ற கடலில் கரைந்திருந்தது. ஆயினும் அவர் மறைந்த அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பழைய பாணி இசைக்கென ஓர் இரவுக் கூடுகை தொடங்கியது. இளையோர் சிலர் அப்பெயரையே மீண்டும் விரும்பிச் சூடினர்.

பிறர் சூட்டும் பெயரால் விளைந்த தீங்கும் உண்டு. 1999 ஏப்ரல் 20-ஆம் நாள் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர் பலரைச் சுட்டுக் கொன்றபோது, ஏடுகள் உடனே கோத் கூட்டத்தின்மீது பழி சுமத்தின. அவ்விருவரும் அக்கூட்டத்தினர் அல்லர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அதற்குள் பல பள்ளிகளில் கறுப்பு உடுத்த பிள்ளைகள் ஐயத்துக்கு ஆளாயினர். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பேக்கப் என்னும் சிற்றூர்ப் பூங்காவில், இருபது வயது சோஃபி லங்காஸ்டரையும் அவருடைய துணைவரையும் இளைஞர் கும்பல் ஒன்று தாக்கியது. அவர்கள் உடுத்தியிருந்த விதத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. சோஃபி நினைவு திரும்பாமலே அம்மாதம் 24-ஆம் நாள் இறந்தார். இருவர் கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றனர். சோஃபியின் தாயார் சில்வியா, மகளின் பெயரில் ஓர் அறநிலையம் அமைத்து, 2022-இல் தாம் மறையும்வரை பள்ளி பள்ளியாகச் சென்று பேசிவந்தார். 2013 ஏப்ரலில் மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை, கோத், பங்க் முதலிய கூட்டத்தினர்மீது நிகழும் தாக்குதல்களையும், இனம், சமயம் பற்றிய தாக்குதல்களைப் போன்றே, வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது.