பி-ஸ்கூல் பட்டியலும் 38 லட்சமும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு போன். காலேஜ்ல எனக்கு அடுத்த பெஞ்ச்ல உக்காந்தவன், இப்போ ஓ.எம்.ஆர்.ல நம்மளை மாதிரியே பொட்டி தட்டிட்டிருக்கான். "மச்சி, எம்.பி.ஏ. சீட் கெடச்சிருச்சுடா"ன்னான். வாழ்த்து சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த குண்டு: "ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்து 38 லட்சம். பேங்க்ல திருநெல்வேலி வீட்டுப் பத்திரத்தைக் கேக்கறாங்க. சேரலாமா வேணாமா?"

இதை என்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்? நானே ரெண்டு தடவை கேட் எழுதி ரெண்டு தடவையும் மூடின கேட்டைப் பாத்துட்டு வந்தவன். ஆனா அவன் வாட்ஸப்ல அனுப்பின படங்கள்தான் மண்டையைக் குடைஞ்சுது. அதே காலேஜ் ஒரு பட்டியல்ல 9, இன்னொண்ணுல 23, மூணாவதுல பேரே இல்லை. ஒரே கட்டடம், அதே வாத்தியாருங்க. எப்படி? இந்த ஒண்ணு ரெண்டு மூணு போடற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரமா ஆபீஸ் வேலை படுத்துக்கிச்சு :-)

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. 1881-ல் நிக்கல், இரும்பு வியாபாரத்துல சம்பாதிச்ச ஜோசப் வார்ட்டன்ங்கறவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் குடுத்து ஒரு வணிகப் பள்ளி தொடங்க வெச்சார். 1900-ல் டார்ட்மத்துல டக் பள்ளி, 1908-ல் ஹார்வர்ட். எம்.பி.ஏ.ங்கற பட்டமே ஹார்வர்ட்ல ஆரம்பிச்சதுதான். அப்போ யாரும் தரவரிசை கேக்கலை. கேள்வியே வேற: "வியாபாரம் பண்ண எதுக்குய்யா காலேஜ்?" கடையில உக்காந்தா தானா வரப்போவுதுன்னுதான் பல பேர் நெனச்சாங்க. (எங்க தாத்தா இன்னைக்கு இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.)

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் கூட்டம் அலைமோதுச்சு. போர்லேருந்து திரும்பினவங்க படிப்புச் செலவை அரசாங்கமே ஏத்துக்கிட்டதால காலேஜ்கள் நிரம்பி வழிஞ்சுது. யாரைச் சேக்கறதுன்னு வடிகட்ட ஒரு தேர்வு வேணும். அப்படி 1954-ல் வந்ததுதான் இன்னைக்கு நாம ஜிமேட்னு சொல்ற பரீட்சையோட முதல் அவதாரம். அதாவது, காலேஜ் மாணவனை எடை போடறதுக்கான தராசு முதல்ல வந்துடுச்சு. மாணவன் காலேஜை எடை போடற தராசு வர இன்னும் 34 வருஷம் ஆச்சு.

நடுவுல ஒரு முக்கியமான வருஷம், 1959. அந்த வருஷம் ரெண்டு தடி அறிக்கைகள் வந்துச்சு. ஒண்ணு ஃபோர்டு அறக்கட்டளை காசுல கார்டன், ஹோவெல்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் எழுதினது. இன்னொண்ணு கார்னகி காசுல பியர்சன் எழுதினது. ரெண்டுமே வணிகப் பள்ளிகளைத் தோலுரிச்சு தொங்க விட்டுச்சு. பாடமெல்லாம் தொழிற்பயிற்சி மாதிரி இருக்கு, மத்த துறைங்களோட ஒப்பிட்டா சுமாரான பசங்கதான் வர்றாங்க, வாத்தியாருங்ககிட்ட ஆராய்ச்சி இல்லைன்னு. கணக்கு கொண்டு வாங்க, புள்ளியியல் கொண்டு வாங்க, சமூக அறிவியல் கொண்டு வாங்கன்னு மருந்தும் எழுதிக் குடுத்தாங்க. ஃபோர்டு ஆளுங்க அறிவுரையோட நிறுத்தாம காசையும் அள்ளிக் குடுத்தாங்க.

அவங்க முன்மாதிரின்னு காட்டின இடங்கள்ல ஒண்ணு பிட்ஸ்பர்க்ல இருந்த கார்னகி டெக். நம்ம தொழில்காரங்க இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அங்க 1956-ல் முதல் கம்ப்யூட்டர், ஐ.பி.எம். 650, வந்து எறங்கினது எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்ல இல்லை, மேனேஜ்மென்ட் பள்ளியோட அடித்தளத்துல. அந்தப் பள்ளி வாத்தியார் ஹெர்பர்ட் சைமன்தான் ஆலன் நியுவெல்லோட சேந்து செயற்கை நுண்ணறிவுக்கு அஸ்திவாரம் போட்டவர். அப்புறம் 1978-ல் பொருளாதார நோபலும் வாங்கினார். எம்.பி.ஏ. படிச்ச மேனேஜரைப் பாத்து "இவருக்கு கோடிங் பத்தி என்ன தெரியும்"னு மனசுக்குள்ள திட்டறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கங்க. (நானும் திட்டறவன்தான்.)

நம்மூருக்கும் அந்த ஃபோர்டு காசு வந்துச்சு. 1961-ல் கல்கத்தாவுலயும் அகமதாபாத்லயும் ஐ.ஐ.எம். தொடங்கினப்போ ஃபோர்டு அறக்கட்டளை துணை நின்னுச்சு. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி.யோட ஸ்லோன் பள்ளி வழிகாட்டி, அகமதாபாதுக்கு ஹார்வர்ட். கோயமுத்தூர்ல பொறந்து சென்னை லயோலாவுல இயற்பியல் படிச்ச சி.கே.பிரகலாத், அகமதாபாத்தோட முதல் பேட்ச். அந்தப் பேட்ச்ல சேரும்போது அவருக்குப் பாக்க எந்தப் பட்டியலும் இல்லை. 'ஆவரேஜ் பேக்கேஜ்'ங்கற வார்த்தையே இல்லை. எந்த தைரியத்துல சேந்தாங்களோ!

சரி, 1988-க்கு வருவோம். இதான் கதையோட இன்டர்வெல் பிளாக்.

அதுவரைக்கும் எது நல்ல பள்ளின்னு யாராவது கணக்கெடுத்தா, பெரும்பாலும் டீன்கள்கிட்டயும் பேராசிரியர்கள்கிட்டயும்தான் கேப்பாங்க. அவங்க 1959 சொன்ன மருந்தைக் குடிச்சு வளந்தவங்க. ஆராய்ச்சிக் கட்டுரை எங்க ஜாஸ்தியோ அதான் நல்ல இடம்னு சொல்லுவாங்க. ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட், சிகாகோன்னு பேர்கள் மாறி மாறி வரும். 1988 நவம்பர்ல பிசினஸ்வீக் பத்திரிகை வேற மாதிரி யோசிச்சுது. ஜான் பைர்ன்ங்கற பத்திரிகையாளர் முன்னின்னு செஞ்ச வேலை. ஓட்டல் நல்லாருக்கான்னு சமையல்காரரை ஏன் கேக்கணும், சாப்பிட்டவனைக் கேப்போம்னு, புதுசா படிச்சு முடிச்சவங்களையும் வேலைக்கு எடுக்கற கம்பெனிகளையும் கேட்டுது.

முதல் இடம் யாருக்கு? ஹார்வர்ட் இல்லை, ஸ்டான்ஃபோர்ட் இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோட கெல்லாக். டொனால்ட் ஜேக்கப்ஸ்னு ஒரு டீன் 1975-லேருந்து அதைக் கட்டி எழுப்பிட்டிருந்தார். குழுவா வேலை பாக்கறது, மாணவர்களை மதிக்கறது இதெல்லாம் அவங்க பாணி. பக்கத்துலயே இருந்த சிகாகோ, நோபல் பரிசுக்காரரை பேராசிரியரா வெச்சிருந்த பள்ளி, 11-ஆவது இடம்! 1959 அறிக்கைப்படி பாத்தா சிகாகோதான் வகுப்புல முதல் மாணவன். ஆனா வகுப்புல உக்காந்த பசங்க குடுத்த மார்க் வேற. வாத்தியாருங்களுக்கு எங்களைவிட ஆராய்ச்சிதான் முக்கியம்னு அங்கங்க பசங்க ரொம்ப நாளா பொருமிக்கிட்டிருந்தது, முதல் தடவையா அச்சுல ஏறுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுல நல்லதும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகம், வகுப்பு நடத்தற லட்சணம், மாணவர் வசதின்னு டீன்கள் அதுவரை எட்டிப் பாக்காத பக்கமெல்லாம் பாக்க ஆரம்பிச்சாங்க. சிகாகோவும் மெனக்கெட்டு மாறி 2006-ல் அதே பிசினஸ்வீக் பட்டியல்ல முதல் இடம் புடிச்சுது. ஆனா ஒரு ஓட்டையைப் பாருங்க. என் காலேஜ் எப்படின்னு என்கிட்டயே கேட்டா, நான் ஏன் கொறை சொல்லணும்? சொன்னா ரேங்க் எறங்கும், என் டிகிரிக்குத்தான் மதிப்பு கொறையும். நம்ம ஆபீஸ்ல அப்ரைசலுக்கு முன்னாடி வர்ற 'நீங்க சந்தோஷமா இருக்கீங்களா' சர்வே மாதிரிதான். எல்லாருக்கும் 5 ஸ்டார்.

யு.எஸ். நியூஸ் வேற சூத்திரம் போட்டுது: சேர்றவங்களோட ஜிமேட் மார்க், சம்பளம், வேலை கெடச்சவங்க சதவீதம், டீன்கள் கருத்து. 1999-ல் ஃபைனான்சியல் டைம்ஸ் உலகப் பட்டியலோட களத்துல எறங்குச்சு. அதுல படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆனவங்க சம்பளத்துக்குத்தான் பெரிய எடை. சம்பளமும் சம்பள உயர்வும் சேந்து பல வருஷம் 40 சதவீதம். 2023-லதான் அதைக் கொறைச்சாங்க.

இங்கதான் இந்தியாக்காரங்களுக்கு ஒரு சுவாரசியம். ஃபைனான்சியல் டைம்ஸ் சம்பளத்தை மார்க்கெட் ரேட்ல டாலரா மாத்தறதில்லை, வாங்கும் சக்தி கணக்குல மாத்துது. 30 லட்ச ரூபாய் சம்பளத்தை, டாலர் 85 ரூபாய்னு வெச்சு மாத்தினா 35 ஆயிரம் டாலர் சொச்சம். வாங்கும் சக்தி கணக்குல டாலருக்கு சுமார் 20 ரூபாய்னு மாத்தினா ஒன்றரை லட்சம் டாலர்! இது ஏமாத்து இல்லை. ஊருக்கு ஊர் விலைவாசி வேறங்கறதால நியாயமாத்தான் செய்யறாங்க. 2008-ல் ஐ.எஸ்.பி. 20-ஆவது இடத்துல நுழைஞ்சதுக்கும், 2011-ல் அகமதாபாத்தோட ஒரு வருஷப் படிப்பு 11-ஆவது இடத்துல நுழைஞ்சதுக்கும் இந்தக் கணக்கும் கை குடுத்துது. அகமதாபாத்தோட புகழ்பெற்ற ரெண்டு வருஷப் படிப்பு அந்த எம்.பி.ஏ. பட்டியல்லயே கெடையாது. வேலை அனுபவம் இல்லாதவங்களும் சேர்றதால அதை வேற பட்டியல்ல போடறாங்க. நண்பன் அனுப்பின மூணாவது படத்துல பேர் ஏன் இல்லைன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு. அது வேற வகைப் படிப்புக்கான பட்டியல். இவன் பாட்டுக்கு பதறிக்கிட்டு இருந்திருக்கான்.

பெரிய தலைகளுக்கும் இது புடிக்காமதான் இருந்துச்சு. 2004-ல் ஹார்வர்டும் வார்ட்டனும் மாணவர் தொடர்பு விவரங்களைப் பத்திரிகைகளுக்குத் தரமாட்டோம்னு முறுக்கிக்கிட்டாங்க. பத்திரிகைங்க வேற வழியில விவரம் தேத்தி ரேங்க் போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஃபைனான்சியல் டைம்ஸோட 2021 பட்டியல்ல கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ரெண்டும் கலந்துக்கலை. பட்டியல் இல்லாமலே அவங்களுக்குக் கூட்டம் வரும். கஷ்டம், நடுவுல இருக்கற காலேஜ்களுக்கு.

அந்த நடுவுல நடந்ததுதான் டெம்பிள் கதை. ஃபிலடெல்ஃபியாவுல இருக்கற டெம்பிள் பல்கலைக்கழகத்தோட ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, 2015-லேருந்து 2018 வரைக்கும் யு.எஸ். நியூஸோட ஆன்லைன் எம்.பி.ஏ. பட்டியல்ல நாலு வருஷம் தொடர்ந்து நம்பர் ஒன். சூத்திரத்துல ஒரு சின்ன ஷரத்து இருந்துச்சு. சேந்தவங்கள்ல 75 சதவீதத்துக்குக் கீழ ஜிமேட் மார்க் குடுத்திருந்தா, அந்தப் பகுதிக்கு மதிப்பு கொறையும். பாதிப் பேர் தேர்வே எழுதலைன்னா, எழுதின நல்ல மாணவர்களோட சராசரியை வெச்சு பீத்திக்க முடியாதுங்கறதுதான் ஷரத்தோட நோக்கம். டெம்பிள் என்ன சொல்லுச்சுன்னா, சேந்த 255 பேருமே மார்க் குடுத்தாங்கன்னு. நெசத்துல குடுத்தது அதுல கொஞ்சப் பேர்தான்.

எனக்கு இது புதுசா தெரியலை. முன்னாடி வேலை பாத்த எடத்துல மாசத்துக்கு எத்தனை டிக்கெட் மூடினோம்னு போர்டு வெச்சாங்க. ஒரே மாசத்துல ஒரு பிழையை நாலா ஒடைச்சு நாலு டிக்கெட் போடக் கத்துக்கிட்டோம். வித்தியாசம் என்னன்னா, எங்க போர்டை நம்பி யாரும் கடன் வாங்கலை. டெம்பிள் பட்டியலைப் பாத்து ஆளுங்க சேந்தாங்க. அந்த வருஷங்கள்ல ஆன்லைன் எம்.பி.ஏ. மாணவர் எண்ணிக்கை ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு.

2018 ஜனவரியில விஷயம் வெளிய வந்துச்சு. ஜூலையில டீன் மோஷே பொராட் பதவி போச்சு. மாணவர்கள் போட்ட வழக்குகள்ல பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட 55 லட்சம் டாலருக்கு சமரசத்துக்கு ஒத்துக்கிச்சு. 2021 நவம்பர்ல பொராட் குற்றவாளின்னு நடுவர் குழு சொல்ல, 2022 மார்ச்சுல 14 மாசம் சிறை, 2,50,000 டாலர் அபராதம். ரேங்க்குக்காக ஒரு டீன் ஜெயிலுக்குப் போன கதை மக்களே, கற்பனை இல்லை.

நம்மூர்ல? 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம், முழுப்பக்க விளம்பரமா போட்டுத் தள்ளின ஐ.ஐ.பி.எம்.மைப் பாத்து, எம்.பி.ஏ.ங்கற வார்த்தையையே பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லுச்சு. அரசாங்கமே 2016-லேருந்து என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் போடுது. ஆனா எனக்கு அதையெல்லாம் விடப் புடிச்சது, அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னெடுத்த பிளேஸ்மென்ட் அறிக்கைத் தரநிலை. யாருக்கு எவ்வளவு, நடுமதிப்பு எவ்வளவு, எத்தனை பேர் காலேஜ் மூலமா வேலை தேடலை, எல்லாம் போட்டு தணிக்கையும் பண்ணணும். நடுமதிப்பு ஏன் முக்கியம்? பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு 18 லட்சம், ஒருத்தனுக்கு மட்டும் 1 கோடியே 20 லட்சம்னா சராசரி 28 லட்சத்தைத் தாண்டிடும். பேனர்ல அந்த 28 வரும். சேர்ற பத்துப் பேரும் அந்த 28-ஐ நம்பித்தான் கையெழுத்துப் போடுவான்.

இதையெல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன். பத்தரை வட்டி, பத்து வருஷம்னு போட்டா 38 லட்சத்துக்கு மாசம் 51 ஆயிரம் சொச்சம் கட்டணும்னு கணக்கும் போட்டுக் குடுத்தேன். பட்டியலை மூடி வெச்சுட்டு காலேஜுக்கே மெயில் போடுடா, போன பேட்ச்சோட நடுமதிப்புச் சம்பளம் என்ன, தணிக்கை பண்ணின அறிக்கை இருக்கா, எத்தனை பேருக்கு வேலை கெடைக்கலைன்னு மூணே கேள்வி கேளுன்னேன். போட்டான். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, அதே பளபள ப்ரோஷர். மறுபடி போட்டான். மறுபடி ப்ரோஷர்.

அப்புறம் அங்க படிச்சவங்க மூணு பேரைத் தேடிப் புடிச்சுப் பேசியிருக்கான். ஒருத்தர் ஓஹோன்னார், ஒருத்தர் பரவால்லைன்னார். மூணாமவர் சம்பளத்தைச் சொல்லலை, ஈ.எம்.ஐ.யை மட்டும் சொன்னாராம்.

பணம் கட்டக் கடைசி நாள் வர்ற புதன்கிழமை. நேத்து ராத்திரி ஊருக்குப் போற பஸ்லேருந்து போன் பண்ணினான். அப்பாகிட்ட நேர்ல பேசிட்டு சொல்றேன்னான்.