மாறுவேகக் காணொளியில் ஒலி

இணையத்தில் காணொளியை இயல்பினும் விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டும்போது, குரலின் சுருதி பிறழாதவாறு அதன் கால அளவை மட்டும் சுருக்கியோ நீட்டியோ தரும் முறையே இங்குக் கூறப்படுவது. காட்சியைப் பொறுத்தவரை இஃது எளிய காரியம். சில பிம்பங்களை விட்டுவிட்டாலும் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியோ அதிர்வுகளாலானது, வேகத்தைக் கூட்டினால் விநாடிக்குரிய அதிர்வெண்ணும் உடன் கூடுவதால், இருமடங்கு வேகத்தில் ஓடும் குரல் ஒரு ஸ்தாயி உயர்ந்து கீச்சொலியாகிவிடும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டவர்கள் இதை நன்கறிவர்.

காலத்தையும் சுருதியையும் பிரிக்கும் முயற்சி இணையத்துக்கு நெடுநாள் முற்பட்டது. 1946இல் டெனிஸ் காபோர், ஒலி பதிந்த படச்சுருளைத் துளையிட்ட சுழலுருளையின் வழியே படிக்கும் யந்திரமொன்றை விவரித்தார். 1954இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபேர்பாங்க்ஸ், எவரிட், ஜேகர் ஆகிய மூவரும், சுழலும் ஒலித்தலைகளைக் கொண்டு காந்தநாடாவில் சிறுசிறு துண்டுகளைத் தவிர்த்தும் திரும்பப் படித்தும் அதே பயனைப் பெற்றனர். உயிரொலி ஒன்றை உச்சரிக்கையில் ஏறக்குறைய ஒரே அலைவடிவம் பலமுறை அடுத்தடுத்து வருவதால், அவற்றுட் சில நீங்கினாலும் சொல் விளங்குகிறது என்பதே இவ்வுபாயத்தின் ஆதாரம்.

பின்னர் இரு மார்க்கங்கள் கிளைத்தன. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளானகனும் கோல்டனும் 1966இல் வெளியிட்ட ஃபேஸ் வோகோடர், ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்து மீண்டும் தொகுப்பது. மற்றொன்று அலையையே துண்டாக்கி ஒட்டுவது. இதில் ரூக்கோஸும் வில்கஸும் 1985இலும், வெர்ஹெல்ஸ்டும் ரோலண்ட்ஸும் 1993இலும் செய்த திருத்தங்கள் முக்கியமானவை. பின்னவர்களின் டபிள்யூசோலா முறை, விநாடியின் சிறுகூறேயான ஒரு துண்டுக்கு அலைவடிவில் மிகவும் இசைந்த அடுத்த துண்டைத் தேடியெடுத்து, முன்னது தேயப் பின்னது வளருமாறு ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைப்பதால், ஒட்டிய இடம் செவிக்குப் புலப்படுவதில்லை.

2014இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக்கிய எச்டிஎம்எல்5 என்னும் வலைப்பக்க மொழி, பிளேபேக்ரேட் என்னும் பண்பின் வழியே வேகமாற்றத்தை உலாவிக்குரிய பொதுவசதியாக்கிற்று. சுருதியைக் காக்கும் பிரிசர்வ்ஸ்பிட்ச் என்னும் பண்பு, வேண்டாமென்று விலக்கினாலன்றி, தானே அமைந்திருக்கும். இதற்குக் குரோம் உலாவி டபிள்யூசோலாவைக் கையாள்கிறது. ஒலிக்கருவி விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளை மாறாத வேகத்தில் கேட்பதால், உலாவி பெரும்பாலும் அதையே கடிகாரமாகக் கொண்டு, ஒலித்துமுடிந்த மாதிரிகள் மூலப்பதிவில் எவ்வளவு காலத்துக்குரியவை என்று கணித்து, அதற்கொப்பப் பிம்பங்களைக் காட்டுகிறது. இக்கணக்குத் தவறின் உதட்டசைவும் சொல்லும் பொருந்தா.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மிக மெதுவாக ஓட்டுகையில் தாளவாத்தியத்தின் ஓரடி ஈரடியாகக் கேட்கக்கூடும்; பயனற்ற வேகங்களில் உலாவி ஒலியை அடக்கிவிடலாம். ஃபயர்பாக்ஸ் உலாவி 0.25 மடங்குக்குக் கீழும் 4 மடங்குக்கு மேலும் அவ்வாறு செய்கிறது. அன்றியும், விரைந்து பேசும் மனிதர் இடைநிறுத்தங்களையும் உயிரொலிகளையும் மிகுதியாகக் குறுக்கி மெய்யொலிகளை ஓரளவு காத்துக்கொள்ள, டபிள்யூசோலா போன்ற முறைகளோ அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குகின்றன. இவ்வேற்றுமையைக் கருதி 1998இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மாக்1 முறை, பேச்சின் இயல்புக்கேற்ப இடத்துக்கிடம் சுருக்கத்தை மாற்றியது. மிகுவேகத்தில் அப்பேச்சே ஒருசீராகச் சுருக்கியதைவிட நன்கு விளங்கியது.