தோற்கும் ஆற்றலைக் காத்தல்: திறந்த மூல மென்பொருளில் சோதனைச் சட்டக மாற்றம்

மென்பொருளின் ஒரு சிறு பகுதியைத் தனியே இயக்கி, அது உரிய விடையைத் தருகிறதா என்று பார்க்கும் நிரல் அலகுச் சோதனை எனப்படும். இத்தகைய சோதனைகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றாக இயக்கி, வென்றவை எவை, தோற்றவை எவை என அறிவிக்கும் பொதுக் கருவியே சோதனைச் சட்டகம். கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கென வகுத்த எஸ்யூனிட்டில் தொடங்கி, அவரும் எரிக் காமாவும் 1997இல் ஜாவா மொழிக்கு எழுதிய ஜேயூனிட் வழியாகப் பல மொழிகளுக்கும் இவ்வகைச் சட்டகங்கள் பரவின. ஆனால் சட்டகமும் ஒரு மென்பொருளே என்பதால் அதற்கும் மூப்பு உண்டு. அது மூப்படையும்போது, அதை நம்பி எழுதப்பட்ட சோதனைகளை வேறொரு சட்டகத்துக்கு மாற்றியமைக்க வேண்டியதாகிறது. பெயர்களை மாற்றி எழுதி, எல்லாச் சோதனைகளும் வென்றதாக அறிவிப்பு வந்தவுடன் இப்பணி நிறைவுற்றதாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. சோதனையின் பயன் பிழை நேர்ந்த வேளையில் அது தோற்பதில்தான் இருக்கிறது என்பதால், சட்டக மாற்றத்தில் காக்கப்பட வேண்டியது அந்தத் தோற்கும் ஆற்றலே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாற்றம் ஏன் தவிர்க்க இயலாதது

எண்கணிப்புக்குப் பெரிதும் பயன்படும் பைத்தான் நூலகமான நம்பை, தன் சோதனைகளை நெடுங்காலம் நோஸ் என்னும் சட்டகத்தைக் கொண்டு இயக்கிவந்தது. நோஸின் வளர்ச்சி 2015இல் வெளிவந்த 1.3.7 பதிப்போடு நின்றுவிட்டது. 2018இல் வெளியான 1.15 பதிப்பில் நம்பை பைடெஸ்ட் சட்டகத்துக்கு மாறியது. 2021இல் வந்த பைத்தான் 3.10, மொழியின் செந்தர நூலகத்திலிருந்த சில பழைய பெயர்களை நீக்கியபோது, அப்பெயர்களைச் சார்ந்திருந்த நோஸ் அப்படியே இயங்க இயலாமற்போயிற்று. அதுவரை மாறாதிருந்த திட்டங்கள், தம் நிரலில் எக்குறையும் இல்லாதபோதும், அக்குறையின்மையைக் காட்டும் கருவியை இழந்தன. ஆகவே பராமரிப்பாரற்ற சட்டகத்தைவிட்டு நீங்குவதா என்பதைக் காட்டிலும், எதையும் இழக்காமல் நீங்குவது எப்படி என்பதே ஆராயத்தக்க வினாவாகிறது.

ஓசையின்றி நேரும் இழப்பு

ஜேயூனிட்டின் 4ஆம் பதிப்பிலிருந்து 5ஆம் பதிப்புக்கு மாறுவதில், ஓசையின்றி நேரும் இழப்புக்குத் தெளிவான சான்று கிடைக்கிறது. இரு மதிப்புகள் ஒன்றாக இருக்கக்கூடாது என்று உறுதிசெய்யும் 'அசெர்ட்நாட்ஈக்குவல்ஸ்' என்னும் செயற்கூறு, 4ஆம் பதிப்பில் விளக்கச் செய்தியை முதலிலும், ஒப்பிட வேண்டிய இரு மதிப்புகளை அதன்பின்னும் பெற்றது. 5ஆம் பதிப்பில் செய்தி கடைசிக்குச் சென்றுவிட்டது. பயனர் தரும் கடவுச்சொல்லும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும் எழுத்துச்சரமும் வேறுபட வேண்டும் என்று பார்க்கும் ஒரு சோதனையைக் கொள்ளலாம். அதில் 'கடவுச்சொல் மறைக்கப்படவில்லை' என்ற செய்தி, மூலக் கடவுச்சொல், சேமித்த சரம் ஆகிய மூன்றும் எழுத்துச்சரங்களே. சட்டகத்தை இறக்குமதி செய்யும் நிரல்வரியை மட்டும் மாற்றினால், மூன்றும் ஒரே வகையின என்பதால் கம்பைலர் மறுப்புச் சொல்வதில்லை. ஆயின் இப்போது கடவுச்சொல்லோடு ஒப்பிடப்படுவது விளக்கச் செய்தியே. அவை இரண்டும் ஒருபோதும் ஒன்றாகா. கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே சேமிக்கப்பட்டாலும் சோதனை வென்றுகொண்டே இருக்கும். இதற்கு மாறாக, சமமாக இருக்க வேண்டும் என்று பார்க்கும் 'அசெர்ட்ஈக்குவல்ஸ்' இதே தவற்றில் உடனே தோற்றுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

நோஸிலிருந்து விலகும்போது நேரும் இழப்பு வேறு வகையினது. நோஸில் ஒரு செயற்கூறு, சுழற்சியொன்றினுள் 'ஈல்ட்' என்ற கட்டளையால் பல சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஈன்றளிக்க முடிந்தது. தன்னிடமும் இருந்த இவ்வசதியை பைடெஸ்ட் 4.0 பதிப்பில் நீக்கியது. அதன்பின் அத்தகைய செயற்கூறுகளை இயக்காமலே, 'எதிர்பார்த்த தோல்வி' என்று குறித்து, ஓர் எச்சரிக்கையோடு கடந்துசென்றது. எதிர்பார்த்த தோல்வி மொத்த முடிவைத் தோல்வியாக்குவதில்லை என்பதால், நூறு சோதனைகளை ஈன்ற ஒரு செயற்கூறு, ஒரே ஒரு குறிப்பாகச் சுருங்கி மறைய இடமிருந்தது. 8.4 பதிப்பே இதனை வெளிப்படையான பிழையாக ஆக்கியது.

சான்றாக ஏற்கத்தக்கவை

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலிருந்து இரு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உண்மையில் இயங்கிய சோதனைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டுதல். இது நோஸ் வகை இழப்பைப் பிடிக்கும். எண்ணிக்கை குறையாத ஜேயூனிட் வகை இழப்பைப் பிடிக்காது. அதற்கு இரண்டாவது நெறி தேவை: நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, சோதனைகள் தோற்கின்றனவா என்று பார்த்தல். டிமில்லோ, லிப்டன், சேவார்ட் ஆகியோர் 1978இல் முன்வைத்த பிறழ்வுச் சோதனை என்னும் முறை இதுவே. மேற்கண்ட கடவுச்சொல் சோதனையில், மறைக்கும் படியை ஒரு கணம் நீக்கிப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இத்தனை சரிபார்ப்பும் தன்னார்வலர்களுக்குச் சுமையாகும் என்ற மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. திறந்த மூலத் திட்டங்களில் ஒரு மாற்றத்தை எழுதுபவரைவிட, அதைப் படித்து ஏற்பவரின் நேரமே அரிதானது. ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் மாற்றும் திருத்தத்தை எவராலும் கூர்ந்து படிக்க இயலாது. ஜேயூனிட் 5 இதற்கு ஒரு வழி வகுத்தது: அதன் வின்டேஜ் இயந்திரம் 3, 4 ஆம் பதிப்புகளின் சோதனைகளைப் புதியவற்றோடு சேர்த்து இயக்குவதால், ஒரு நேரத்தில் ஒரு கோப்பாக மாற்றி, ஒவ்வொன்றையும் பொருளறிந்து படிக்க முடிகிறது. அந்த இயந்திரத்தை இணைக்கத் தவறினால் பழைய சோதனைகள் கண்டறியப்படாமலே போகக்கூடும் என்பதால், இவ்வழியிலும் எண்ணிக்கையை ஒப்பிடும் நெறி இன்றியமையாததாகிறது. இரு சட்டகங்களைச் சிலகாலம் ஒருங்கே பேணுவது கூடுதல் உழைப்பே எனினும், அந்த உழைப்பு படிப்பவரின் கவனத்தைக் காக்கிறது.

சோதனை ஒவ்வொன்றும், முன்னர் ஒருவர் கண்ட பிழையையோ அஞ்சிய பிழையையோ பின்வருவோருக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கையாகும். எழுதியவர் திட்டத்தைவிட்டு விலகிய பின்னரும் அவ்வெச்சரிக்கை ஒலிக்க வேண்டுமாயின், புதிய சட்டகத்தில் அது ஒருமுறையேனும் தோற்பதைக் கண்ணால் கண்டபின்பே பழைய சட்டகத்தை நீக்குவது தகும்.